கையில் நிற்கும் கேமரா

ஒரு காட்சிக்காக ஜன்னலைக் கறுப்புத் துணியால் மறைத்தேன். ஒரு நடிகர் படத்துக்கு கோட்டு சூட்டு வாங்கட்டும் என்று சம்பள உயர்வு என்ற பெயரில் பணம் போனது எனக்குத் தெரியும். ஒரு ஷாட்டில் மைக் தாங்கும் கம்பில் கேமராவைக் கட்டினோம். அதனால் அது முழுக்கக் கையில் இல்லை. டென்மார்க் இயக்குநர் தாமஸ் விண்டர்பெர்க், 'ஃபெஸ்டன்' (1998) படத்தை முடித்த பிறகு எழுதிக்கொடுத்த பாவமன்னிப்புப் பட்டியலின் சாரம் இது. மற்ற இயக்குநர்களுக்கு இதெல்லாம் அன்றாட வேலை. விண்டர்பெர்க் சத்தியம் செய்திருந்தார், அதுதான் சிக்கல்.

1995 மார்ச்சில் அவரும் சக டென்மார்க் இயக்குநர் லார்ஸ் வான் ட்ரியரும் கோபன்ஹேகனில் பத்து விதிகளை எழுதிக் கையெழுத்திட்டார்கள். அதற்குக் 'கற்பு விரதம்' என்றே பெயர் வைத்தார்கள். அதே மாதம் பாரிஸின் ஓதெயோன் அரங்கில் சினிமாவின் நூற்றாண்டையொட்டிய கூட்டம் ஒன்று நடந்தது. பேச வந்த வான் ட்ரியர் சிவப்புத் துண்டறிக்கைகளைக் கூட்டத்தில் வீசிவிட்டு வெளியேறினார். இந்த விதிகளின்படி படமெடுக்கும் டாக்மா 95 இயக்கம் அப்படித்தான் உலகத்துக்கு அறிமுகமானது. கொஞ்சம் நாடகத்தனம்தான், ஆனால் விதிகள் விளையாட்டல்ல.

செட் கூடாது, வெளியிலிருந்து பொருள் கொண்டுவரக் கூடாது. தனியாக லைட்டிங் கூடாது. வெளிச்சம் போதாவிட்டால் கேமராவிலேயே ஒரு விளக்கு மாட்டிக்கொள்ளலாம். ஃபில்டர் கூடாது, கொலையும் துப்பாக்கியும் கூடாது, கதை இன்று இங்கே நடக்க வேண்டும். மூன்றாவது விதிதான் பலருக்கும் நினைவிருப்பது: கேமரா கையில் இருக்க வேண்டும்.

படம் ஆட வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. கேமரா நிற்கும் இடத்தில் கதை நடக்கக் கூடாது, கதை நடக்கும் இடத்துக்குக் கேமரா போக வேண்டும் என்கிறது. வழக்கமான படப்பிடிப்பில் ட்ராலியும் லைட்டும் முதலில் இடம்பிடிக்கும். நடிகர் தரையில் போட்ட குறியில் வந்து நின்று, பேசி, திரும்ப வேண்டும். இங்கே நடிகர் எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம். ஓட வேண்டியவர் ஒளிப்பதிவாளர். ஆட்டம் அந்த ஓட்டத்தின் பக்கவிளைவு. பின்னாளில் எத்தனையோ பேர் ஓட்டத்தை விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இருவர் உட்கார்ந்து காபி குடிக்கும் காட்சியிலும் படம் குலுங்குவதன் ரகசியம் அதுதான்.

'ஃபெஸ்டன்' ஒளிப்பதிவாளர் ஆண்டனி டாட் மேண்டில் எடுத்துக்கொண்டது, குடும்ப விழாக்களைப் படம்பிடிக்கும் சோனி ஹேண்டிகேம். மினி டிவி கேசட்டில் பதிவு செய்து, பிறகு 35 மி.மீ. ஃபிலிமுக்கு மாற்றினார்கள். கதையும் ஒரு குடும்ப விழாதான். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாள் விருந்தில் மூத்த மகன் கிறிஸ்டியன் கண்ணாடிக் கோப்பையைத் தட்டிவிட்டு எழுகிறான். பச்சை, மஞ்சள் என்று இரண்டு தாள்களில் இரண்டு உரைகள். எதைப் படிக்கட்டும் என்று அப்பாவையே கேட்கிறான். அவர் பச்சை என்கிறார். சிறுவயதில் தனக்கும் தன் இரட்டைச் சகோதரிக்கும் அப்பா செய்த பாலியல் கொடுமையை நிதானமான குரலில் வாசிக்கிறான். மேசை அமைதியாகிறது, பிறகு விருந்து தொடர்கிறது. அழைப்பில்லாமல் உள்ளே நுழைந்த உறவுக்காரர் போல அந்தச் சின்னக் கேமரா முகம் முகமாகத் தாவுகிறது. பொழுது சாயச் சாய வெளிச்சம் போதாமல் படத்தில் புள்ளிகள் கூடுகின்றன. தனி லைட் போட்டுச் சரிசெய்ய விதி விடாது.

என்னைக் கேட்டால், கேமரா விதியைவிடக் கடினமானது ஒலி விதி. படத்தையும் ஒலியையும் தனித்தனியே உருவாக்கக் கூடாது. டப்பிங் இல்லை, ரீரெக்கார்டிங் இல்லை. இசை வேண்டுமானால் காட்சி எடுக்கும்போதே யாராவது வாசிக்க வேண்டும். படத்தை வெட்டும் இடத்தில் ஒலியும் வெட்டுப்படும். இரண்டு ஷாட்டுகளின் சேர்மானத்தைப் பின்னணி இசையால் பூசி மறைக்க எடிட்டருக்கு வழியில்லை.

பத்தாவது விதிப்படி இயக்குநர் பெயர் படத்தில் வரக் கூடாது. வரவில்லைதான். ஆனால் கான் விழாவில் 'ஃபெஸ்டன்' ஜூரி பரிசு பெற்றதும் விண்டர்பெர்க் பெயர் தெரியாத சினிமாக்காரரே இல்லை என்றானது. டாட் மேண்டிலோ சிறிய டிஜிட்டல் கேமராக்களோடு மும்பைக் குடிசைச் சந்துகளில் ஓடி, 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார்.

2025-ல் கான் விழாவின்போது டாக்மா 25 என்ற புதுப் பட்டியல் வந்தது. கதை நடக்கும் இடத்திலேயே படமெடுக்க வேண்டும் என்பது அதிலும் உண்டு. திரைக்கதையை இயக்குநர் கையால் எழுத வேண்டும், படைப்பு வேலை எதிலும் இணையம் கூடாது என்பவை புதியவை. கேமராவைக் கையில் பிடிக்கச் சொல்லும் விதியை மட்டும் காணோம்.