சுத்திகரித்த கழிவுநீரில் ஒளு செய்யலாமா?

"ஹஜ்ரத், சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து குழாயில் விட்டால் அதில் ஒளு கூடுமா?" பாலாற்றங்கரை ஊர்களில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்கள் அதோடு நின்றுவிடக் கூடாது.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சவூதியின் மூத்த உலமாக்கள் அவை 1978-லும், மக்காவில் ராபிதாவின் ஃபிக்ஹ் பேரவை 1989-லும் இதை ஆராய்ந்தன. நஜீஸின் நிறம், சுவை, வாடை மூன்றும் அடையாளமின்றி நீங்கிவிட்டால் அந்தத் தண்ணீர் தூய்மையானது. ஒளுவும் குளிப்பும் கூடும் என்று முடிவு செய்தன. உடல்நலத்துக்குக் கேடு உண்டா என்பது தனி விஷயம்.

சுத்திகரிப்பு நிலையத்தில் நடப்பது பெரிய மாயமில்லை. கம்பி வலையில் குப்பையைத் தடுக்கிறார்கள். மணலைப் படிய விடுகிறார்கள். பிறகு தொட்டியில் காற்றை ஊதுகிறார்கள். காற்று கிடைத்த நுண்ணுயிர்கள் பெருகி அழுக்கைத் தின்கின்றன. அவை கசடாக அடியில் தங்க, மேலே தெளிந்த நீரில் குளோரின் கலந்து வெளியே விடுகிறார்கள். ஓடும் ஆறு பல மைல் தூரத்தில் தானே செய்யும் வேலையைத்தான் சில தொட்டிகளுக்குள் விரைவாகச் செய்கிறார்கள். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாற்றால் அதைச் செய்ய முடியாது.

வீட்டுச் சாக்கடைக்கு இந்த முறை போதும். தோல் பதனிடும் கழிவுக்குப் போதாது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போடுகிறோம். தொழிற்சாலையில் முதல் ஊறலிலேயே அந்த உப்பு தண்ணீரில் இறங்கிவிடுகிறது. நுண்ணுயிர்கள் உப்பைத் தின்பதில்லை. குரோமியத்தைக் காரம் சேர்த்துப் படிய வைத்துப் பிரிக்கலாம். கரைந்த உப்பைப் பிரிக்க எதிர்சவ்வூடு பரவல் கருவியும், மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கும் கொதிகலனும் வேண்டும். மின்செலவு கடுமை. அதன் பிறகும் உப்பு மறைந்துவிடாது, மூட்டையாகக் குவியும்.

அப்படிப் பிரிக்காமல் விட்ட உப்புதான் கிணறுகளுக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு அளித்த தீர்ப்பில், தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனதாக ஓர் ஆய்வு எடுத்துக் காட்டப்பட்டது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டதும் அந்தத் தீர்ப்பில்தான். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பாலாற்றுக்காக, இதே இழப்பீட்டுக்காக உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகளுக்கு மேல்!

இந்தத் தொழிலில் நம் சமுதாயத்தவர் பங்கு பெரிது. நம் மதரஸாக்களும் பள்ளிவாசல்களும் அந்த வருமானத்தால் வளர்ந்தவை, நன்றியோடுதான் சொல்கிறேன். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பக்கத்து விவசாயியின் கிணற்றை உப்பாக்குவது அவருடைய ஹக்கு. ஒருவர் ஹக்கைத் தவ்பா மட்டும் தீர்க்காது, அவரிடமே தீர்க்க வேண்டும் என்று மிம்பரில் சொல்கிறோமே, அது இதற்கும் பொருந்தும்.

உடனே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. தோலை ஊறப்போடும் முன் உதறி, ஒட்டியுள்ள உப்பைத் தட்டி எடுத்துவிட்டால், அந்த அளவு உப்பு தண்ணீருக்குள் போகவே போகாது. இதற்குப் பெரிய இயந்திரம்கூடத் தேவையில்லை. நம் முதலாளிகளிடம், "உங்கள் ஆலையில் உப்பை உதறுகிறார்களா?" என்று கேளுங்கள்.