தினமும் சாவி கேட்கும் கடிகாரம்

கைக்கடிகாரங்களில் ஆக எளியது, பக்கவாட்டுத் திருகைக் கையால் சுற்றிச் சாவி கொடுக்கும் வகை. பேட்டரி கிடையாது. கை அசைய அசையத் தானாகச் சாவி ஏற்றிக்கொள்ளும் ‘ஆட்டோமேட்டிக்’ வகையில் இருக்கும் சுழலும் எடைத் தகடும் கிடையாது. தேதி, கிழமை காட்டும் வளையங்கள்கூடப் பெரும்பாலும் இருக்காது. மணி முள், நிமிட முள், செகண்ட் முள், அவற்றை ஓட்ட நூற்றுச் சொச்சம் உறுப்புகள், அவ்வளவுதான். நேரத்தைச் செல்போனே பிசகாமல் காட்டும் காலத்திலும் இந்தக் கடிகாரத்தைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பழம்பொருள் மோகம் என்று அதை ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் ஈர்ப்பின் பெரும்பகுதி மூடிக்குள்ளேயே இருக்கிறது. எது எதைத் தள்ளுகிறது, ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்பதெல்லாம் பொறியியல் படிக்காதவருக்கும் விளங்கிவிடும். அப்படிப்பட்ட இயந்திரங்கள் இன்று வீட்டில் அதிகம் மிச்சமில்லை.

திருகைச் சுற்றும்போது, விளிம்பில் பல் வைத்த ஒரு சின்னஞ்சிறு பெட்டிக்குள் எஃகுப் பட்டை ஒன்று சுருண்டு இறுகுகிறது. மெயின் ஸ்பிரிங் எனப்படும் இதை விரித்துப் பிடித்தால் ஏறத்தாழ ஓர் அடி நீளம் வரும். கடிகாரம் ஓடுவதற்கான சக்தி முழுவதும் இதில்தான் சேமிக்கப்படுகிறது. முழுச் சாவிக்கு ஒன்றரை நாள் தாங்கும். இறுகிய வில் விரியப் பார்க்கிறது, பெட்டி சுழல்கிறது, அதன் பற்கள் அடுத்தடுத்த சக்கரங்களைத் தள்ளுகின்றன. பெட்டி ஒரு சுற்று வரச் சில மணி நேரம் ஆகும். நடுச் சக்கரம் மணிக்கு ஒரு சுற்று. நிமிட முள் அதோடு சேர்ந்தது. நான்காம் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு சுற்று. செகண்ட் முள் ஓட்டம் அதிலிருந்து வருகிறது. மணி முள்ளுக்கு மட்டும், வேகத்தைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைக்கும் தனிப் பற்சக்கரங்கள் முகப்புத் தகட்டுக்கு அடியில் இருக்கின்றன.

இதோடு விட்டால் ஏற்றிய சாவி முழுவதும் கண்மூடித் திறப்பதற்குள் இறங்கிவிடும். அதைப் பிடித்து நிறுத்திச் சிறுகச் சிறுக விடுவதில்தான் கடிகாரத் தொழிலின் சாமர்த்தியம் எல்லாம் அடங்கியிருக்கிறது. வரிசையில் கடைசிச் சக்கரத்துக்கு வழக்கமாக 15 பற்கள். நங்கூரம்போல் வளைந்த ஒரு கவை அதன் ஒரு பல்லைப் பிடிக்கும், விடும், அடுத்த பல்லைப் பிடிக்கும். காதருகே வைத்தால் கேட்கும் டிக் டிக் இந்தப் பிடியின் ஓசைதான். எப்போது விட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பேலன்ஸ் வீல். தலைமுடியைவிட மெல்லிய ஒரு சுருள்வில்லின் பிடியில் அது இடமும் வலமுமாகச் சுழன்றாடுகிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் கவையைத் தட்டி விடுகிறது. கவையும் பதிலுக்கு அதற்கு ஒரு சிறு உந்தல் கொடுக்கிறது. ஊஞ்சல் ஆடுகிற பிள்ளையைச் சரியான தருணத்தில் தொட்டுத் தள்ளுவதுபோல, அந்த உந்தல் ஆட்டத்தின் தாளத்தைக் கெடுக்காமல் ஓய்ந்துபோகாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறது.

இந்தச் சுருள்வில்லைக் கொண்டு ஓடும் கடிகாரத்தை டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1675இல் செய்வித்தார். யோசனை முதலில் தன்னுடையது என்று இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் சண்டைக்கு வந்தது தனிக் கதை. அதற்கு முந்தைய கடிகாரங்கள் பெரும்பாலானவற்றில் மணி முள் மட்டுமே இருந்தது. நிமிட முள் வைக்கிற அளவுக்கு அவற்றின் ஓட்டத்தை நம்ப முடியவில்லை. இன்றைய கவை அமைப்பின் மூலவடிவத்தை லண்டனைச் சேர்ந்த தாமஸ் மட்ஜ் 1750களில் உருவாக்கினார். தனிச் சாவியைத் துளையில் நுழைத்துத் திருகும் தொல்லையை நீக்கி, பக்கத் திருகிலேயே சாவி ஏற்றவும் முள்ளைத் திருப்பவும் 1840களில் வழி செய்தவர் அட்ரியன் ஃபிலிப். அதற்குப் பிறகு வந்தவை அநேகமாக மெருகேற்றல்கள்தான். 19ஆம் நூற்றாண்டுக் கைவினைஞர் ஒருவர் இன்றைய சாவிக் கடிகாரத்தைத் திறந்து பார்த்தால் அதிகம் திகைக்க மாட்டார்.

முகப்பில் ‘17 ஜுவல்ஸ்’ என்று எழுதியிருப்பதைப் பலர் விலைமதிப்புக்கான முத்திரையாக எடுத்துக்கொள்கிறார்கள். அவை செயற்கை மாணிக்கக் கற்கள்; அடகு வைத்தால் ஒன்றும் தேறாது. சக்கரங்களின் அச்சுமுனைகள் உலோகத்தில் உராய்ந்து தேயாமலிருக்கவே கல்லில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். 17 என்ற கணக்கும் கையால் எண்ணிப் பார்க்கக்கூடியதே: நான்கு சக்கரங்களுக்கும் கவைக்கும் முனைக்கு ஒன்றாகப் பத்து, பேலன்ஸ் வீலின் அச்சுக்கு நான்கு, கவையின் நுனிகளில் இரண்டு, பேலன்ஸிலிருந்து கவையைத் தட்டுவதற்கு ஒன்று. எளிய சாவிக் கடிகாரத்துக்கு அதற்குமேல் தேவையில்லை. 1902இல் ஃபிரெஞ்சு வேதியியலர் ஒகுஸ்த் வெர்னாய் மாணிக்கத்தை உலையில் வளர்க்கும் முறையை அறிவித்த பிறகே இந்தக் கற்கள் சாமானியரின் கடிகாரத்துக்கும் கட்டுப்படியாயின.

வெப்பம் கூடினால் சாதாரண எஃகுச் சுருள்வில் தளர்ந்து கடிகாரம் பின்தங்கும். வெப்பத்துக்கு அசையாத நிக்கல் எஃகுக் கலவைகளைக் கண்டறிந்து அந்தக் குறையைப் போக்கியவர் ஷார்ல் கியோம். 1920இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. கத்திரி வெயிலில் அலைகிறவர் கையில் கட்டிய கடிகாரம் ஒழுங்காக ஓடுவதில் அவருக்கும் பங்கு உண்டு.

துல்லியத்தில் சாவிக் கடிகாரம் தோற்றுவிட்டது; அதில் வாதாட இடமில்லை. பேட்டரிக் கடிகாரத்தில் நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது; மாதத்துக்கே 15 நொடிதான் முன்பின்னாகும். நல்ல நிலையில் உள்ள பழைய சாவிக் கடிகாரம் ஒரே நாளில் 20 நொடி பிசகலாம். ஆனால் நாளுக்கு 86,400 நொடிகள். வெறும் வில்லும் பற்சக்கரமும் கொண்டு, கையோடு குலுங்கியபடி, 99.97 சதவீதத்துக்கு மேல் சரியாக ஓடுவது சாதாரண விஷயம் அல்ல. அலுவலகத்துக்கும் ரயிலுக்கும் அது தாராளமாகப் போதும்.

1969ஆம் ஆண்டு இந்தக் கடிகாரங்களுக்கு உச்சமும் சரிவும் சேர்ந்து வந்த ஆண்டு. அந்த ஜூலையில் நிலவில் இறங்கிய அமெரிக்கர்களுக்கு நாசா கொடுத்திருந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் சாவி கொடுத்து ஓட்டும் வகையே. டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் ‘ஆஸ்ட்ரான்’ என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலில் மூன்றில் இரண்டு பங்கு வேலைகள் போயின.

இந்தியாவில் அதே கதை சற்றுத் தாமதமாக நடந்தது. ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற சுவிஸ் கடிகாரங்களை நம்பியிருந்த நாட்டில், பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் கடிகார ஆலை தொடங்கியது. முதல் கடிகாரங்களை வெளியிட்டவர் நேரு. அங்கிருந்து வந்த ‘ஜனதா’வைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிய கடிகாரத்துக்குக் கிடைப்பது அரிது: 17 கற்கள், மணிக்கு 18,000 ஆட்டம், அலங்காரமற்ற முகப்பு. நொடிக்கு ஐந்து, நாளுக்கு 4,32,000 ஆட்டம் என்று ஆண்டுக்கணக்கில் ஆடியும் சளைக்காத உறுதி அதற்கு. தேர்வில் தேறிய பிள்ளைக்கும் புது மாப்பிள்ளைக்கும் பணி ஓய்வு பெறுகிறவருக்கும் ஒரு காலத்தில் எச்.எம்.டி.தான் பரிசு. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூர் ஆலையிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களைக் கண்ணைப் பறிக்கும் வடிவங்களில் இறக்கியது. எச்.எம்.டி.யால் ஈடுகொடுக்க முடியவில்லை. கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016இல் ஒப்புதல் தந்தது. மூடப்போகிறார்கள் என்ற செய்தி பரவியதும், அதுவரை சீந்தாமல் கிடந்த ஜனதாவையும் ‘பைலட்’ என்ற இன்னொரு மாடலையும் வாங்க ஆட்கள் முட்டிமோதினார்கள்.

சாவிக் கடிகாரம் வைத்திருப்பவர்களைக் கேட்டால் பலரும் முதலில் சொல்வது சாவி கொடுக்கும் பழக்கத்தைத்தான். திருகைச் சுற்றும்போது விரலில் படும் நறநறப்பு, வில் இறுக இறுகக் கூடும் எதிர்ப்பு, இதற்குமேல் வேண்டாம் என்று தானே நின்றுவிடும் இடம், இவையெல்லாம் சில நாளில் கைக்குப் பழகிவிடுகின்றன. குவார்ட்ஸ் கடிகாரம் உரியவரிடம் எதையும் கேட்பதில்லை. பேட்டரி தீரும் நாளில் சொல்லாமல் நின்றுவிடுகிறது. சாவிக் கடிகாரம் தினமும் அரை நிமிடம் கேட்கிறது. அதைத் தொல்லையாகக் கருதுகிறவர் இதை வாங்காமலிருப்பதே நல்லது.

எளிமைக்கு வேறு லாபங்களும் உண்டு. எடைத் தகடு இல்லாததால் கடிகாரம் மெலிதாக இருக்கும். சட்டைக் கைக்குள் தட்டாமல் நுழையும். உறுப்புகள் குறைவு என்பதால் பழுதாகும் இடங்களும் குறைவு. எந்தப் பழுதையும் லென்ஸைக் கண்ணில் இடுக்கிய ஒரு மனிதர் கழற்றிப் பார்த்துச் சரிசெய்யலாம். அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஜனதாவைக் கழற்றி, கழுவி, எண்ணெயிட்டு மீண்டும் ஓடவைக்க முடியும். பத்து வருடத்துக்கு முந்தைய ஸ்மார்ட் வாட்சுக்கு அந்த வழி அநேகமாக இல்லை.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவுமில்லை. தினமும் ஒரே நேரத்தில் முழுச் சாவி கொடுத்தால் வில்லின் இழுவிசை சீராக இருந்து கடிகாரமும் சீராக ஓடும். கையிலிருந்து கழற்றிவிட்டுத்தான் சாவி கொடுக்க வேண்டும். கட்டியபடி திருகினால் திருகின் தண்டு வளையக்கூடும். ‘சாவி அதிகமாகி நின்றுவிட்டது’ என்று சொல்லப்படும் கடிகாரம் பெரும்பாலும் எண்ணெய் காய்ந்து அழுக்கேறியதால் நின்றிருக்கும். முட்டி நின்ற பிறகும் பலம்கொண்டு திருகி முறித்தால்தான் வில்லின்மீது பழி. திடீரென்று நிமிடக்கணக்கில் முந்தி ஓடினால் காந்தமேற்றம் காரணமாக இருக்கலாம். ஒலிபெருக்கி, செல்போன் உறை போன்றவற்றிலுள்ள காந்தத்தால் சுருள்வில்லின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காந்தம் நீக்கும் கருவியில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். வியர்வையும் தண்ணீரும் பழைய கடிகாரங்களுக்கு ஆகாது. கடிகாரம் படுத்திருக்கும்போதும் ஒருக்களித்திருக்கும்போதும் ஓட்டம் சற்று மாறும் என்பதால், பகலில் முந்துவதை இரவில் வைக்கும் விதத்தால் ஈடுகட்டிக்கொள்ளும் கெட்டிக்காரர்களும் உண்டு. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் சர்வீஸ் அவசியம்.

வாங்கும்போதுதான் எச்சரிக்கை தேவை. பழைய எச்.எம்.டி. என்று விற்பனைக்கு வருபவற்றில் கணிசமானவை பல கடிகாரங்களின் உறுப்புகளை ஒட்டுப்போட்டு, முகப்புக்குப் புது வண்ணம் பூசியவை. ஆலை ஒருபோதும் தயாரிக்காத நிறங்களும் படங்களும் அவற்றில் பளபளக்கும். சற்று மங்கி, எழுத்து லேசாகத் தேய்ந்த முகப்பு அதைவிட நம்பத்தக்கது. பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லித் துருவும் உடைந்த திருகாணிகளும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முழுச் சாவி கொடுத்து ஒரு நாள் ஓடவிட்டுப் பார்க்கவும் வேண்டும். புதிய உறுப்புகள் இனி ஆலையிலிருந்து வரப்போவதில்லை; ஓடாத கடிகாரங்களைக் கழற்றித்தான் ஓடுபவற்றுக்குப் பொருத்துகிறார்கள். ஆகவே உள்ளூரில் கைதேர்ந்த வாட்ச் ரிப்பேர் கடைக்காரர் யார் என்று விசாரித்துவிட்டுக் கடிகாரம் தேடுவதே சரியான வரிசை.