மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற எண்!

147573952589676412927

யாருடைய அக்கவுன்ட் நம்பரோ என்று பதற வேண்டாம். 2-ஐ 67 முறை எழுதிப் பெருக்கி, விடையில் ஒன்றைக் கழித்தால் வரும் எண் இது. மொத்தம் 21 இலக்கம். நம்மூர்க் கணக்கில் சொன்னால் சுமார் பதினான்கே முக்கால் லட்சம் கோடி கோடி!

இது பகா எண்ணா? அதாவது 7, 13 மாதிரி, 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணா? 'ஆமாம்' என்று 1644-ல் பட்டியல் போட்டார், மாரின் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். 1876-ல் எடுவார் லூக்கா 'இல்லவே இல்லை' என்று நிரூபித்தார். வேடிக்கை என்னவென்றால், அது எந்த எண்ணால் வகுபடும் என்பது லூக்காவுக்கே தெரியாது. பூட்டிய வீட்டுக்குள் பேச்சுச் சத்தம் கேட்கிறது. யார் என்றுதான் தெரியவில்லை!

1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த கணிதக் கூட்டத்துக்கு வந்தார், அமெரிக்கப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல். வாயே திறக்காமல் கரும்பலகையில் 2-ஐப் பெருக்கிக்கொண்டே போனார். ஒன்றைக் கழித்தார். பக்கத்தில் இன்னொரு பெருக்கல் போட்டார்:

193707721 × 761838257287

இரண்டு விடையும் ஒன்றே. சாக்பீஸை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அரங்கமே கைதட்டியது. எவ்வளவு நாள் பிடித்தது என்று பிற்பாடு கேட்டபோது, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். எரிக் டெம்பிள் பெல் எழுதிவைத்த கதை இது. அவர் கொஞ்சம் மசாலா தூவுகிறவர்தான். ஆனால், கோலின் விடையில் சந்தேகமே இல்லை.

கண்டபடி தேடவில்லை கோல். இந்த எண்ணை வகுக்கக்கூடிய எதையும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும் என்று ஒரு விதி இருக்கிறது. 67-ன் இரு மடங்குதான் 134. அதனால் ஏகப்பட்ட எண்களை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடலாம். அப்படியும் மூன்று வருடம்!

பெருக்குவது சுலபம், பெருக்கியதைப் பிரிப்பதுதான் தலைவலி. காபியில் சர்க்கரையைக் கலந்துவிட்டுத் திரும்ப எடுக்கச் சொன்னால் எப்படி? இந்தத் தலைவலியையே பூட்டாக்கினார்கள் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் என்ற மூவர். 1977-ல் அவர்கள் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. முறை, இன்றும் எத்தனையோ இணையதளங்களுக்குக் காவல் நிற்கிறது. கோலின் எண்ணை இன்றைய கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் பிரித்துவிடும். அதனால் இந்தப் பூட்டில் இருப்பது 600 இலக்கத்துக்கும் மேற்பட்ட எண். அதைச் சட்டென்று பிரிக்க யாராவது வழி கண்டுபிடித்தால், முதலில் பதறப்போவது வங்கிகள்தான்.

கோல் போட்ட பெருக்கலை நீங்களும் சோதிக்கலாம். பல போன் கால்குலேட்டர்களில் 21 இலக்கமும் முழுசாகத் தெரியாது. பரவாயில்லை, மூன்று எண்களிலும் இலக்கங்களைத் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். 37, 64, 109 வரும். ஒற்றை இலக்கம் ஆகும்வரை கூட்டினால் மூன்றுமே 1. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று. முழு நிரூபணம் ஆகாது. ஆனால் கோலின் கணக்கு இங்கே இடிக்கவில்லை.