ஏழ்மையை எந்தப் படியால் அளக்கிறார்கள்?

2023-இல் அமெரிக்காவில் ஏழைகள் 11.1 விழுக்காடு. 2022-23-இல் இந்தியாவில் 5.3 விழுக்காடுதான். அப்படீன்னா அமெரிக்காக்காரரைவிட நாம வசதியா? அவசரப்படாதீங்க. இரண்டும் வேறு வேறு படியில் அளந்தவை.

முதல் எண் அமெரிக்க அரசின் சொந்தக் கோடு: இரண்டு பிள்ளைகளோடு நால்வர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 30,900 டாலர். தலைக்கு நாளொன்றுக்கு 21 டாலர் வருது. இரண்டாவது எண் உலக வங்கியின் கோடு: தலைக்கு நாளொன்றுக்கு 3 டாலர். அதுவும் நாம மாற்றுகிற டாலர் இல்லை. ஒவ்வொரு நாட்டு விலைவாசிக்கும் சரிக்கட்டியது. 2021 விலையில் நமக்குச் சுமார் 60 ரூபாய்தான்.

2025 ஜூன் வரை அந்தக் கோடு 2.15 டாலர். அந்தக் கோட்டில் அதே 2022-23-க்கு இந்தியாவின் எண் 2.3. மக்கள் அதே மக்கள்தான். படி மாறியதும் எண் மாறிவிட்டது.

இன்னொரு சங்கதி. அமெரிக்கா குடும்பத்தின் பண வருமானத்தைப் பார்க்கிறது. நம் கணக்கெடுப்பு செலவையும் நுகர்வையும் பார்க்கிறது. வீட்டுக்கு எடுத்துவைத்த நெல்லுக்கும் மதிப்புப் போட்டுச் சேர்த்துக்கொள்கிறார்கள். அது நியாயம்தான். ஆனால் கடன் வாங்கிச் சாப்பிட்டாலும் அது நுகர்வுதானே! வட்டியில் மூழ்கிய உழவரும் கோட்டுக்கு மேலேதான் நிற்பார்.

ஏழை குறைந்தார்கள் என்று யார் சொன்னாலும், எந்தக் கோட்டில், எதை அளந்து என்று கேளுங்க.