காய்ச்சல்கூட வராமல் கல்லீரலில் குடியேறும் ஹெபடைடிஸ் பி: எதிர்ப்பு சக்தி ஏன் சும்மா இருக்கிறது?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் சர்க்கரை ஓகே, கொழுப்பு ஓகே. ‘ஹெச்பிஎஸ்ஏஜி’ என்ற வரிக்கு எதிரே மட்டும் ‘பாசிட்டிவ்’. “எனக்கு ஒண்ணுமே செய்யலையே டாக்டர்?” என்றுதான் பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இந்த வைரஸின் மொத்த வித்தையும் அந்த ‘ஒண்ணுமே செய்யல’யில்தான் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-ல் உலகம் முழுக்க 25.4 கோடிப் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றோடு வாழ்ந்தார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 2.98 கோடி. பெரும்பாலானோருக்கு அது இருப்பதே தெரியாது.

அடிக்காத அலாரம்

நம் எதிர்ப்பு சக்தியில் இரண்டு அடுக்குகள். பிறவியிலேயே இருக்கும் முதல் அடுக்கு, வந்தது எந்தக் கிருமி என்று பார்க்காமல் சில மணி நேரத்தில் பாயும். ஆளை அடையாளம் கண்டு அடிக்கும் டி செல்லும் ஆன்டிபாடியும் பிறகுதான் வரும். ஃப்ளூ வந்தா முதல் நாளே உடம்பு வலிக்குதே, அதில் பெரும்பங்கு இந்த முதல் அடுக்கு சுரக்கும் இன்டர்ஃபெரான் போன்றவற்றின் வேலை.

ஹெபடைடிஸ் பி-யில் அந்த அலாரமே அடிப்பதில்லை. 2004-ல் அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த வீலண்ட், சிசாரி குழு, தொற்று ஏற்பட்ட சிம்பன்ஸிகளின் கல்லீரலைப் பரிசோதித்தது. வைரஸ் பெருகிப் பரவிய ஆரம்ப வாரங்களில் கல்லீரல் மரபணுக்களில் எந்த அசைவும் இல்லை. ஹெபடைடிஸ் சி-யில் அப்படி இல்லை. இன்டர்ஃபெரான் தூண்டும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன.

காரணம், வைரஸ் ஒளிந்திருக்கும் இடம். அதன் டிஎன்ஏ செல்லின் கருவுக்குள் போய், நம்ம குரோமோசோம் மாதிரியே புரதம் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. புதிய டிஎன்ஏ தயாரிப்பதும் புரத உறைக்குள் மூடிய கதவு வேலை. ரோந்து வரும் சென்சார் கண்ணில் எதுவும் படாது.

காவலரும் சோர்ந்தால்?

வருஷக்கணக்கில் தங்கிய பிறகு, ஒளிவதோடு நிற்பதில்லை. ரத்தத்தில் மிதக்கும் ‘இ ஆன்டிஜென்’ அதிகமுள்ள நோயாளிகளில், கிருமியை மோப்பம் பிடிக்கும் டிஎல்ஆர்2 என்ற சென்சார் சில செல்களில் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டின. இயற்கைக் கொல்லி செல்களின் நிலைமை இன்னும் விசித்திரம். கொல்லும் திறன் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. வைரஸை அடக்கும் இன்டர்ஃபெரான் காமா சுரப்பதுதான் குறைகிறது. அதாவது, கல்லீரல் செல்லுக்குச் சேதம் உண்டு, வைரஸுக்கு அடி குறைவு.

இதை ‘உடம்பில் எதிர்ப்பு சக்தியே போச்சு’ என்று புரிந்துகொள்ளக் கூடாது. மற்ற கிருமிகளை இவர்கள் வழக்கம்போலவே எதிர்கொள்கிறார்கள். பலவீனம் பெரும்பாலும் இந்த ஒரு வைரஸிடம்தான்.

வயதும் முக்கியம். பெரியவர்களுக்குத் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே நாள்பட்டதாகிறது. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால், தடுப்பூசி போடாவிட்டால், சுமார் 90 சதவீதம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி என்று டாக்டர்கள் அவசரப்படுத்துவது இதனால்தான்.

கீழாநெல்லி போதுமா?

நம்ம ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 1988-ல் சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் குழு, இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற ப்ளம்பெர்க்குடன் சேர்ந்து, ‘லான்செட்’ இதழில் நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டது. பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. இதை நம்பி மருந்தைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸ் பெருகுவதை நன்றாகவே அடக்குகின்றன. ஆனால் கருவுக்குள் உட்கார்ந்த டிஎன்ஏவை அவை தொடுவதில்லை. அதனால்தான் ‘ரிப்போர்ட் நார்மல் ஆயிடுச்சு’ என்று சொந்தமாக மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் திரும்பக் கிளம்பி, கல்லீரல் திடீரென வீங்குகிறது. எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. வைரஸ் அளவு, ஏஎல்டி, கல்லீரல் தழும்பு பார்த்து டாக்டர் முடிவு செய்வார். ஆனால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், அம்மா என அனைவருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை தேவை. தொற்றும் இல்லை, ஏற்கெனவே எதிர்ப்பும் இல்லை என்றால் தடுப்பூசி.