குதிரைச் சவாரியில் சமநிலையும் தன்னம்பிக்கையும்

ஏப்ரல் மாதம் பிறந்தால் நுவரெலியா நிரம்பிவிடும். மலர்க் கண்காட்சிக்கு வருவோர், கிரகரி வாவியில் படகு ஓட வருவோர், குதிரைப் பந்தயம் பார்க்க வருவோர் எனக் கூட்டம் அலைமோதும். அவர்களில் பலர் வாவிக்கரையில் பிள்ளையை ஒரு மட்டக்குதிரையின் மேல் ஏற்றி, ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். அதில் குதிரையை நடத்துபவர் குதிரைக்காரர். மேலே இருப்பவர் வெறும் பிரயாணி. கடிவாள வார் நம் கைக்கு வந்த பிறகுதான் சவாரி தொடங்குகிறது. பயமும் அப்போதுதான் தொடங்குகிறது.

சென்ற வருட விடுமுறையில் நான் சவாரி பழகச் சென்றேன். இரண்டாம் நாள், குதிரை திடீரெனத் தலையைக் குனிந்து புல் மேய்ந்தது. கடிவாள வாரை இறுகப் பிடித்திருந்த நானும் அதனோடு முன்னால் இழுபட்டு, கழுத்துப் பக்கமாகச் சறுக்கி ஈரப் புல்லில் விழுந்தேன். காயம் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த நாள் சேணத்தில் ஏறியதும் கை கால்கள் நடுங்கின. இரண்டு தொடைகளாலும் குதிரையை நெரித்துக்கொண்டிருந்தேன். அதைக் கவனித்த பயிற்சியாளர் ஐயா, “மகள், நீங்க குதிரையப் புடிச்சிக்கிட்டு இருக்கீங்க. குதிரை மேல ஒக்காரல” என்றார்.

அந்தப் பேச்சு எனக்கு விளங்க இரண்டு வாரம் பிடித்தது. விளங்கியதைத் தோழிகளுக்கும், “பெண் பிள்ளையை இதற்கெல்லாம் அனுப்பலாமா?” என்று யோசிக்கும் பெற்றோருக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கு அந்நியமானதல்ல

குதிரை நம் மரபுக்குப் புதியதல்ல. விரைந்தோடும் குதிரைகளின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் ‘அல் ஆதியாத்’ அத்தியாயத்தை நாம் சிறு வயதிலேயே மனனம் செய்திருக்கிறோம். பாண்டியர் காலத்தில் அரபு நாடுகளிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் காயல் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கியதை 13ஆம் நூற்றாண்டுப் பயணி மார்க்கோ போலோ எழுதி வைத்துள்ளார். நம் மலையகத்திலும் 1885இல் நானுஓயாவுக்குப் புகையிரதம் வரும்வரை, தோட்டத்துரைமார் குதிரையை நம்பியே மலைப்பாதைகளில் நடமாடினார்கள். ஆகவே நாம் பழகப் போவது பழைய கலை ஒன்றைத்தான்.

உடம்பு எப்படிச் சமநிலை காக்கிறது?

நம் மூளைக்குச் சமநிலை பற்றிய செய்தி மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது கண். இரண்டாவது உட்செவி. அங்குள்ள மூன்று அரைவட்டக் கால்வாய்கள் தலை திரும்புவதை அறிகின்றன; அவற்றை அடுத்துள்ள இரண்டு சிறு பைகள் தலை சாய்வதையும் வேகம் கூடிக் குறைவதையும் அறிகின்றன. மூன்றாவது நமது தசைகளும் மூட்டுக்களும். கால் எங்கே இருக்கிறது, இடுப்பு எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைப் பார்க்காமலே நாம் உணர்வது இவற்றால்தான்.

தரையில் நிற்கும்போது இம்மூன்றும் அமைதியாக வேலை செய்கின்றன. குதிரை மேல் நிலைமை வேறு. குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமும் அசைகிறது. நமது இடுப்பு அந்த அசைவோடு இசைந்து போனால் நமது புவியீர்ப்பு மையம் குதிரையின் புவியீர்ப்பு மையத்துக்கு மேலேயே இருக்கும். இடுப்பை இறுக்கி வைத்தால் குதிரை ஒரு பக்கமும் நாம் ஒரு பக்கமுமாகப் போவோம்.

ஹட்டனிலிருந்து நுவரெலியா வரும் பஸ்ஸில் இதைப் பார்க்கலாம். முழங்காலை விறைப்பாக வைத்து நிற்பவர் ஒவ்வொரு வளைவிலும் அடுத்தவர் மேல் விழுவார். கொண்டக்டரோ முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, ஒரு கையில் காசும் மறு கையில் டிக்கட்டுமாக, எதையும் பிடிக்காமல் நிற்பார். பஸ் வளையும்போது அவரது உடம்பும் கூடவே வளைந்து கொடுக்கிறது.

பயம் செய்யும் வேலை

பயந்தவுடன் அதிரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, உடம்பு தானாகவே முன்னால் குனிந்து சுருண்டுகொள்கிறது. முழங்கால்கள் இறுகுகின்றன, குதிகால்கள் மேலே எழுகின்றன, கண்கள் தரையைப் பார்க்கின்றன. விழாமல் இருக்க உடம்பு செய்யும் இத்தனையும் குதிரை மேல் நம்மை விழுத்தும் காரியங்களே.

ஈரச் சவர்க்காரத் துண்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பாருங்கள். அது மேலே வழுக்கி எகிறும். முழங்கால்களால் சேணத்தை நெரித்தால் நாமும் அப்படியே மேலே தள்ளப்படுகிறோம். அத்தோடு, காலால் அழுத்தினால் முன்னே செல்ல வேண்டும் என்றே குதிரைக்குப் பழக்கியிருக்கிறார்கள். பயந்து நெரித்தால் அது வேகமாகப் போகும். வேகத்தைக் கண்டு நாம் இன்னும் நெரிப்போம். என் விழுகையும் அப்படிப்பட்டதே. குதிரை தலை குனிந்த கணத்தில் விரல்களைத் தளர்த்தி வாரை நழுவ விட்டு நிமிர்ந்திருந்தால் நான் இழுபட்டிருக்கமாட்டேன்.

சரியான அமர்வு

பக்கத்திலிருந்து பார்க்கும்போது நமது காது, தோள், இடுப்பு, குதிகால் ஆகிய நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். அங்கவடியில் முன்பாதத்தின் அகலமான பகுதி மாத்திரமே பதிய, குதிகால் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். குதிகால் தாழ்ந்தால் உடம்பின் பாரம் கீழே இறங்கும். பாதம் அங்கவடிக்குள் நுழைந்து சிக்கவும் மாட்டாது. முழங்கையை வளைத்து, குதிரையின் தலை அசைவோடு கை முன்னும் பின்னும் போக விடவேண்டும். கடிவாளம் குதிரையோடு பேசுவதற்கான வழி. நாம் தொங்குவதற்கான கயிறு அல்ல. அதை இழுத்துத் தொங்கினால் குதிரையின் வாய் நோகும்.

பார்வை மிக முக்கியம். தலை கனமானது, அது குனிந்தால் தோளும் முதுகும் சேர்ந்து குனியும். எனவே குதிரையின் இரு காதுகளுக்கும் இடையால் தூரத்தில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ பார்க்க வேண்டும்.

சமநிலைக்கான பயிற்சிகள்

கீழுள்ளவற்றை வேலியிட்ட சமதரையில், பயிற்சியாளர் நீண்ட கயிற்றில் குதிரையைப் பிடித்திருக்கும்போது, நடை வேகத்தில் மட்டுமே செய்ய வேண்டும்.

1. இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி இடுப்பை மெதுவாக இடமும் வலமும் திருப்புதல். கையால் எதையும் பிடிக்காமல் இருக்க முடியும் என்பதை உடம்பு இதில் கற்கிறது.

2. அங்கவடியிலிருந்து பாதங்களை எடுத்துக் கால்களைத் தொங்கவிட்டு இரண்டு சுற்று வருதல். தொடை தளர்ந்து, நாம் சேணத்தின் நடுவில் இறங்கி அமர்வோம்.

3. அங்கவடியில் பாதம் ஊன்றி மெதுவாக எழுந்து, பத்து எண்ணி மெதுவாக அமர்தல். குதிகால் மேலே போனால் உடனே முன்னால் சாய்வோம். பிழை எங்கே என்று குதிரையே காட்டிக் கொடுக்கும்.

4. சில கணங்கள் கண்களை மூடியிருத்தல். கண் தரும் செய்தி நின்றுவிட, உட்செவியும் தசைகளும் கூர்மையாகும். குதிரையின் எந்தக் கால் இப்போது தரையில் படுகிறது என்று சொல்லிப் பார்க்கலாம். நடையில் நான்கு அடிச்சத்தம் தனித்தனியாகக் கேட்கும்.

நடை நன்றாகப் பழகிய பின்னரே அடுத்த வேகமான துள்ளுநடை. அதில் எதிரெதிர் மூலைக் கால்கள் சேர்ந்து பதிவதால் இரண்டு அடிச்சத்தமே கேட்கும். ‘ஒன்று, இரண்டு’ என்று வாய்விட்டு எண்ணி, ஒன்றுக்கு எழும்பி இரண்டுக்கு அமர்ந்தால் குலுக்கல் குறையும்.

மூச்சையும் மறந்துவிடக் கூடாது. பயத்தில் நாம் மூச்சை அடக்கிக்கொள்கிறோம். அடக்கிய மூச்சு உடம்பை விறைக்கச் செய்கிறது. பஸ்ஸில் ஏறியதும் நாம் ஓதும் பிரயாண துஆவை நான் சேணத்தில் அமர்ந்ததும் சத்தமாக ஓதுவேன். அது ஸூரா ஸுக்ருஃபில் கப்பலிலும் கால்நடைகளிலும் ஏறுவதைப் பற்றி வரும் வசனமே. ஓதி முடியும்போது உள்ளமும் அமைதியடைகிறது. அடக்கியிருந்த மூச்சும் நீளமாக வெளியேறிவிடுகிறது.

மேடும் பள்ளமும்

நமது பிரதேசத்தில் சமதரை குறைவு. மேட்டில் ஏறும்போது இடுப்பிலிருந்து சற்று முன்னால் சாய்ந்து, வாரைத் தளர்த்திக் குதிரை கழுத்தை நீட்ட இடம் கொடுக்க வேண்டும். இறங்கும்போது முன்னால் கவிழாமல் நிமிர்ந்து அமர்ந்து, குதிகாலில் பாரத்தை இறக்க வேண்டும். தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் தாய்மாரைப் பாருங்கள். முதுகில் கூடைப் பாரம், காலடியில் சரிவு. இரு கைகளும் கொழுந்தில் இருக்கும். செடியைப் பிடித்துத் தொங்கமாட்டார்கள். பாரமெல்லாம் பாதத்தில், முழங்கால் தளர்வாக. நாம் படிக்க வேண்டிய பாடத்தை அவர்கள் தினமும் செய்து காட்டுகிறார்கள். மழை பெய்து புல் வழுக்கும் நாளிலும் பனிமூட்டம் கவிந்த நாளிலும் சரிவில் சவாரி வேண்டாம்.

குதிரையும் பயப்படும்

குதிரை, ஆபத்தைக் கண்டால் ஓடித் தப்பும் இயல்புள்ள பிராணி. அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறையச் சுற்றிவரப் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் அதற்குத் தெரியாது. எனவே பின்னால் போகாமல், பேசிக்கொண்டே தோள்பட்டைப் பக்கமாக நெருங்க வேண்டும். காதுகள் முன்னே நிமிர்ந்தால் எதையோ கவனிக்கிறது. பின்னே ஒட்டிப் படுத்தால் கோபம். பறக்கும் பொலித்தீன் பை ஒன்றே அதைத் திடுக்கிட வைக்கப் போதும். இதை அறிந்த பின் என் பயம் பாதியாகக் குறைந்தது.

உடையும் பாதுகாப்பும்

தலைக்கவசம் கட்டாயம். தலையை ஆட்டினாலும் அது ஆடக் கூடாது. நாடிப்பட்டி பூட்டியிருக்க வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் பாவிக்கக் கூடாது. சிறிய குதியுள்ள மூடிய சப்பாத்து நல்லது. நமது உடையோடு தாராளமாகச் சவாரி செய்யலாம்: தளர்வான காற்சட்டை, அதன்மேல் முழங்காலளவு நீண்ட சட்டை போதும். தொங்கும் அபாயா அங்கவடியில் சிக்கலாம். ஹிஜாபின் முனைகளைச் சட்டைக்குள் செருகுங்கள். கவசத்துக்குள் ஊசி எதையும் குத்தாதீர்கள், விழுந்தால் அதுவே காயப்படுத்தும்.

சேணத்தின் வயிற்றுப் பட்டியை ஏறுமுன் ஒருமுறையும், சில நிமிடம் நடந்த பின் ஒருமுறையும் பார்க்க வேண்டும். சில குதிரைகள் பட்டி கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும். விழப்போவது உறுதியானால் வாரை விட்டுவிடுங்கள். கையை நீட்டி ஊன்றாதீர்கள், மணிக்கட்டு முறியும்.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டல் என்ற பெண் 1944இல் இளம்பிள்ளைவாதத்தால் தாக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே அவரது கால்கள் மீளவில்லை. குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவ வேண்டியிருந்தது. ஆயினும் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார், 1956இலும் வென்றார். கால் வலிமையால் குதிரையை நெரித்தே சவாரி செய்ய வேண்டுமென்றால் அவரால் அது முடிந்திருக்காது. நம் நாட்டில் பிறந்து சுவீடனில் வளர்ந்த மதில்டா கார்ல்சன், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகக் குதிரையேற்றத்தில் கலந்துகொண்டார். அந்த விளையாட்டில் ஒலிம்பிக்கில் நம் நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்த முதலாமவர் ஒரு பெண்.

தன்னம்பிக்கை ஒரே நாளில் வருவதில்லை. விழுந்த பிறகு நான் முதல் நாள் குதிரைக்குப் பக்கத்தில் நின்று அதன் கழுத்தைத் தடவினேன், அவ்வளவுதான். மறுநாள் ஏறி அமர்ந்து, நடக்காமலே இறங்கினேன். மூன்றாம் நாள் ஒரு சுற்று. பயம் போன பிறகு ஏறலாம் என்று காத்திருந்தால் இன்றும் வேலிக்கு வெளியேதான் நின்றிருப்பேன். “இன்று இவ்வளவு போதும்” என்று பயிற்சியாளரிடம் சொல்வதில் வெட்கமில்லை. அப்படிச் சொன்னால் நிறுத்துவார் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் அடுத்த நாளும் போனேன்.

பெற்றோரே, பிள்ளையை அனுப்புமுன் நீங்கள் ஒருநாள் சென்று பாருங்கள். தலைக்கவசம் தருகிறார்களா, குதிரைகளை அன்போடு நடத்துகிறார்களா, பயந்த பிள்ளையை அவசரப்படுத்துகிறார்களா என்று கவனியுங்கள். திருப்தியானால் அனுப்புங்கள், முடிந்தால் கூடவே நில்லுங்கள்.

நான் விழுந்த அன்று “போதும் மகள், வீட்டுக்குப் போவோம்” என்று சொன்னவர் என் வாப்பா. ஆனாலும் அடுத்த நாள் அவரே கூட்டிவந்தார். விடுமுறையின் கடைசி நாள், கயிறில்லாமல் நானே குதிரையை நடத்திச் சுற்றி வந்தபோது, வாப்பா வேலிக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. “வாப்பா, கையைத் தளர்த்துங்க!” என்று கூப்பிட்டேன். எதிர்வரும் ஏப்ரலில் தங்கச்சியும் பழகப் போகிறாள், இன்ஷா அல்லாஹ்.