காணாமற்போகும் பொட்டலங்கள்

பல ஊர்களில் கிளைகளையுடைய ஓர் அலுவலகத்தை மனத்திற் கொள்வோம். ஒரு கிளையில் மக்கள் வரிசையில் காத்து நிற்கிறார்கள். கணினித் திரை அசையவில்லை. எழுத்தர் தலைமையகத்தைத் தொலைபேசியில் அழைக்கிறார். "எங்கள் கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சையாகவே இருக்கிறதே!" என்று விடை வருகிறது. இருவருமே பொய் சொல்லவில்லை. இவ்விரு கூற்றுகளும் ஒருங்கே உண்மையாதல் எவ்வாறு என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

கணினிகள் ஒரு செய்தியை முழுமையாக அனுப்புவதில்லை. சிறு பொட்டலங்களாகப் பிரித்தே அனுப்புகின்றன. ஈதர்நெட் முறையில் ஒரு பொட்டலம் வழக்கமாக 1,500 பைட்டுகளுக்கு மேற்படுவதில்லை. வழியிலுள்ள ரௌட்டர்களில் நெரிசல் மிகுந்து, காத்திருக்க இடமில்லாது போனால், பொட்டலம் கைவிடப்படுகிறது. பழுதுற்ற கம்பியாலும் இவ்விழப்பு நேரலாம்.

டி.சி.பி. என்னும் நெறி, பதிவுத் தபாலுக்கு ஒப்புதல் அட்டை பெறுவதுபோல், சேர்ந்தவற்றுக்கு ஒப்புதல் பெறுகிறது. சேராதவற்றை மீண்டும் அனுப்புகிறது. இழப்பைக் கண்டால் நெரிசல் எனக் கருதித் தன் வேகத்தையும் குறைத்துக்கொள்கிறது. இவ்வடக்கம் அனுபவத்தால் வந்தது. 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, ஏறத்தாழ 400 கஜ தூரத்தில், செய்தி செல்லும் வேகம் நொடிக்கு 32,000 பிட்டுகளிலிருந்து 40 பிட்டுகளாக வீழ்ந்தது. அதற்குரிய பரிகாரத்தை வான் ஜேக்கப்ஸன் 1988-இல் விளக்கினார்.

இழப்பை அளக்கும் எளிய கருவி 'பிங்'. 1983-இல் மைக் மூஸ் இதனை இயற்றினார். சிறு பொட்டலமொன்றை அனுப்பி, மறுமொழி வருகிறதா, எத்தனை நேரத்தில் வருகிறது என்று இது பார்க்கிறது. ஆயினும் இதை மட்டுமே நம்புதல் தகாது. சிறு பொட்டலம் கடந்துசெல்லும் வழியில் பெரிய பொட்டலம் தடைப்படலாம். இடைவழி ரௌட்டர் தன் முதற்பணியைக் கவனிப்பதற்காக இக்கேள்விக்கு விடையளிக்காமலும் இருக்கலாம். அவ்விடத்தில் தோன்றும் இழப்பு கடைசி எல்லை வரை தொடர்ந்தாலன்றி அதனை மெய்யான இழப்பெனக் கொள்ளலாகாது.

சராசரியும் நம்மை ஏமாற்றும். இணையவழிப் பேச்சில் நொடிக்கு 50 பொட்டலங்கள் செல்வது வழக்கம். ஒரு மணிக்கு 1,80,000. அவற்றுள் 0.1 விழுக்காடு, அதாவது 180 பொட்டலங்கள், பரவலாகத் தொலைந்தால் செவி அறியாது. அத்தனையும் ஒரே சமயத்தில் தொலைந்தாலோ 3.6 நொடி மௌனம்! இரண்டிற்கும் மணிக்கணக்குச் சராசரி ஒன்றே. ஆகவே குறுகிய இடைவெளிகளில் அளத்தல் இன்றியமையாதது.

இனி, வழி செம்மையாயிருந்தும் செயலி நோயுறுவது உண்டு. தரவுத்தளத்தில் பூட்டு விழலாம், வட்டு நிரம்பலாம், பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகலாம். அப்போதும் 'பிங்' குறையின்றி விடையளிக்கும். எனவே, மனிதர் செய்வதுபோலவே உள்நுழைந்து, ஒரு கணக்கைத் தேடி, விடை வரும் நேரத்தைக் குறிக்கும் தானியங்கிச் சோதனையைக் கிளையிலிருந்தே சில நிமிடங்களுக்கு ஒருமுறை நடத்துதல் வேண்டும். அக்குறிப்பையும் பொட்டல இழப்புக் குறிப்பையும் ஒரே காலவரிசையில் வைத்து நோக்கினால், பிணி வழியிலா செயலியிலா என்பது பெரும்பாலும் புலப்படும்.

நம் எழுத்தரின் முறையீடும் ஓர் அளவீடே. மணியும் நிமிடமும் குறித்து அதனைப் பதிவுசெய்யும் அலுவலகத்தில், வரிசையில் நிற்பவர் நெடுநேரம் காத்திருக்க நேராது.